துண்டுக்குள்ள விரலும் டப்பாக்குள்ள அட்டையும்

ஒம்போதுன்னு வந்ததுக்கா கண்ணு மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுச் சுத்தற? உங்கப்பன் பத்தாவதுல கணக்குக்கு முப்பத்தாறு வாங்கிட்டு வந்தப்பக்கூட இப்பிடி வெசனப்படலே. ரெண்டு தோசை சேத்தித் தின்னான். அவனுக்குப் பாஸுன்னா பாஸு. உனக்குப் பத்துக்கு ஒம்போது வந்தாலும் எழவு வூடு மாதிரி இருக்குது. அதுவும் மார்க்கு உனக்கில்லே, நீ சேத்தற ஒரு போக்கிமான் அட்டைக்கு. அந்த அட்டையில இருக்கறது ஒரு பல்லி. அதுக்கு றெக்கை, வால் நுனியில தீ.

இப்ப என்னமோ மனுசன் போட்ட மார்க்கு செல்லாது, மார்க்குப் போட்ட கம்பெனி அடைச்சுக் குடுத்த டப்பாவை ஒடைச்சு, அட்டைய எடுத்து மெசினுக்கு அனுப்பப் போறேங்கற. அனுப்பு. நான் வேண்டாங்கலே. ஆறு மாச விசாவுல இந்த நியூஜெர்சிக்கு வந்து, பனிக்குப் பயந்து வூட்டுக்குள்ளயே உக்காந்திருக்கற கெழவனுக்கு உன்ற அட்டை நாயத்தை வுட்டா வேற என்ன சோலி? நீ காட்டுன வீடியோவெல்லாம் பாத்துப் பாத்து எனக்கும் இப்பக் கொஞ்சம் ஞானம் வந்திருக்குது. பார்சலைக் கட்டறதுக்கு முன்னால, நாப்பது வருசம் மாட்டுத் தரகு பண்ணுனவன் சொல்றதைச் சித்தக் கேளு. கேட்டுப்போட்டு, வழக்கம்போல உன்ற இஷ்டத்துக்குப் பண்ணு.

கண்ணபுரத்துச் சந்தையில ஒரு காளை வந்து நின்னா நான் மொதல்ல காளையப் பாக்க மாட்டேன். கயித்தைப் புடிச்சிருக்கறவனப் பாப்பேன். அவன் கண்ணு அலையுதா, மாட்டோட எடது பக்கத்தையே நம்ம பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டறானா, அதுலயே பாதி மார்க்குப் போட்டுருவேன். பொறகுதான் பல்லு, சுழி, குளம்பு, நடை. மாடு பொய் சொல்லாது கண்ணு, மாட்டுக்காரன் சொல்லுவான். கொம்பைச் சீவி எண்ணெய் தேய்ச்சா கெழட்டு எருது எளங்காளையாயிரும். சந்தைக்கு முந்தின நாளு பால் கறக்காம வுட்டா, வத்துன மாட்டுக்கும் மடி கொடமாட்ட நிக்கும். உப்பு வெச்சுத் தண்ணி குடிக்க வுட்டா வயிறு ரொம்பி எலும்பு மறைஞ்சிரும். இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்காத. தெரியும், அவ்வளவுதான்.

உன்ற அட்டைக்கும் சோதனை நாலுதான். படம் நடுவாந்தரமா இருக்குதா, மூலை மழுங்கியிருக்குதா, ஓரம் வெளுத்திருக்குதா, மேல கீறல் கறை இருக்குதா. 1999-ல மார்க்குப் போட வந்த பெக்கெட்டுக் கம்பெனி அந்த நாலுக்கும் தனித்தனியா மார்க்குப் போட்டுச் சீட்டுல அச்சடிச்சுக் குடுக்கற வழக்கத்தைக் கொண்டாந்துச்சு. அதுக்கு முன்னால 1991-ல கடை தொறந்த பிஎஸ்ஏவுக்கு ஒத்தை நம்பருதான், 1-ல இருந்து 10 வரைக்கும்.

அந்த ஒத்தை நம்பரப் பாக்கறப்பவெல்லாம் எனக்குத் துண்டு ஞாபகம் வருது. ரெண்டு தரகனுங்க கை மேல துண்டைப் போத்திட்டு, அதுக்குள்ள வெரலப் புடிச்சு வெலை பேசுவம். மாட்டுக்காரனுக்கும் தெரியாது, வாங்க வந்தவனுக்கும் தெரியாது. கடைசியில துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு ஒரு நம்பரச் சொல்லுவம். உன்ற பல்லிக்கும் அதேதான் நடந்துச்சு. எங்கயோ ஒரு ரூம்புல ஒருத்தன் வெளக்கைச் சாச்சு, பூதக்கண்ணாடிய வெச்சுப் பாத்துட்டு ஒம்போதுன்னான். ஏன் ஒம்போதுன்னு நீ கேட்டியா? அவன் சொன்னானா? நாங்களாவது மறுபடியும் அதே சந்தைக்கு வரோணும். மாடு மலடுன்னு தெரிஞ்சா, வாங்குனவன் என்ற துண்டையே என்ற கழுத்துல போட்டு முறுக்குவான்.

டப்பாவை ஒடைச்சு மறுபடியும் அனுப்பறது உன்ற கண்டுபுடிப்புன்னு நெனச்சுக்காத. இங்க எத்தனையோ பேருக்கு அதே பொழப்பு. அதே அட்டை, அதே கம்பெனி. சித்திரையில ஒம்போது, ஆவணியில பத்து. நடுவுல அட்டை என்ன கஞ்சி குடிச்சு ஒடம்பத் தேத்துச்சா? எந்த அட்டையில எத்தனை பத்து, எத்தனை ஒம்போது இருக்குதுன்னு கம்பெனிக கணக்கு வேற போடுது. ஒடைச்ச டப்பாவோட சீட்டைத் திருப்பிக் குடுக்கலீன்னா, ஒரே அட்டை அந்தக் கணக்குல ரெண்டு எடத்துல நிக்கும். எங்கூரு ஓட்டர் லிஸ்டுல உன்ற பாட்டன் செத்து பத்து வருசம் நின்ன மாதிரி.

இன்னொண்ணையும் கவனிச்சியா? அட்டை வெலை ஒசந்தா, மார்க்குப் போடற கூலியும் ஒசருது. பத்துன்னு வந்து வெலை ஏறிருச்சுன்னா, இன்னும் குடுன்னு சீட்டு வருது. அடேயப்பா, சதவீதத் தரகு! மாடு எத்தனைக்குப் போகுதோ அத்தனைக்குத் தகுந்த தரகுன்னா, நான் எந்த மாட்டைச் சொத்தைன்னு சொல்லியிருப்பேன்? நான் யோக்கியன்தான். ஆனா அந்த யோக்கியத்தைச் சோதிக்கற மாதிரி ஒரு கூலிய வெச்சுட்டு, யோக்கியமா இருடான்னு சொல்றது கொஞ்சம் ஓவரு.

அதனால மெசினுங்கற. சரி. இந்த ரோசனையும் இன்னைக்கு மொளச்சதில்லே. பிஎஸ்ஏவை ஆரம்பிச்ச டேவிட் ஹால், 1986-ல கூட்டாளிகளோட சேந்து நாணயத்துக்கு மார்க்குப் போடற பிசிஜிஎஸ் கம்பெனியத் தொடங்குனவரு. காசுக்கு மார்க்கு 1-ல இருந்து 70 வரைக்கும். 1990-லயே அங்க கம்ப்யூட்டரை வெச்சு மார்கன் டாலருங்கற வெள்ளிக் காசுக்கு மார்க்குப் போட்டுக் காட்டறோம்னு கெளம்புனாங்க. நிலைக்கலே. இப்ப டேக்குங்கற கம்பெனி அட்டையப் பல வாக்குல படம் புடிச்சு, ஆயிரத்துக்கு மார்க்குப் போடுது. எந்த மூலையில என்ன பழுதுன்னு படத்தோட காட்டியும் குடுக்குது.

மெசினுக்கு நானும் ஒரு சபாசு போடுவேன். சாயங்காலம் நாலு மணிக்கு அதுக்குக் கொட்டாவி வராது. பொண்டாட்டிகூடச் சண்டை போட்டுட்டு வேலைக்கு வராது. அட்டையில இருக்கறது எம்ஜிஆரா நம்பியாரான்னு பாத்து அரை மார்க்கு ஏத்திப் போடாது. எடது ஓரம் இத்தனை, வலது ஓரம் இத்தனை, கீறல் இங்க, இந்தா பாத்துக்கன்னு காட்டிருது. துண்டையே புடுங்கிப் போட்டுருது. எங்க காலத்துச் சந்தையில அப்பிடி ஒண்ணு வந்திருந்தா, உங்கப்பன் அமெரிக்கா வந்திருக்க மாட்டான். நான் படிக்க வெச்ச காசு எங்க இருந்து வந்துச்சுங்கற?

ஆனா மெசினு அளக்கறதோட சரி. எங்க கோடு கிழிக்கோணும்னு அதா சொல்லுது? பிஎஸ்ஏக்காரங்க பத்துக்கு, முன்பக்கத்து ஓரம் 60-க்கு 40 வரைக்கும் சாஞ்சிருந்தாப் பரவாயில்லேன்னாங்க. பொறகு 55-க்கு 45-ன்னு இறுக்கிட்டாங்க. அட்டை இம்மி நகரலே, கோடு நகந்துட்டுது. முந்தி அனுப்புனவன் வூட்டுல பத்து, பிந்தி அனுப்புனவன் வூட்டுல ஒம்போது. ஆயிரத்துக்கு அளந்தாலும், எந்த மார்க்குக்கு மேல இருந்தா ஒசத்தின்னு எழுதறது ஒரு மனுசன்தான். மெசினு மேலயும் துண்டு கெடக்குது சாமி. அது பட்டுத் துண்டு, உனக்குத் துண்டாத் தெரியலே.

இப்ப வாக்னர் அட்டைக்கு வருவம். நீதான் எனக்கு அந்தக் கதைய சொன்ன. சொல்லிப்போட்டு, அதுல இருக்கற சூட்சுமத்தை மட்டும் வுட்டுட்ட.

1909-ல இருந்து 1911 வரைக்கும் அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி சிகரெட்டுப் பொட்டிக்குள்ள பேஸ்பால் ஆட்டக்காரங்க படத்தைப் போட்டுக் குடுத்துச்சு. அதுல பிட்ஸ்பர்க் அணி ஹோனஸ் வாக்னர் படம் மட்டும் சீக்கிரமே நின்னு போச்சு. பசங்க சிகரெட்டு வாங்கறதுக்கு என்ற மூஞ்சியான்னு கோவிச்சுக்கிட்டாருங்கறாங்க. இல்லே, காசு குடுக்கலேன்னு கோவிச்சுக்கிட்டாருங்கறாங்க. எதுவா இருந்தா என்ன, மிஞ்சுனது சொற்பம். அந்தச் சொற்பத்துல ஒண்ணை 1985-ல பில் மாஸ்ட்ரோங்கற வியாபாரி 25,000 டாலருக்கு வாங்குனாரு. ரெண்டு வருசத்துல 1,10,000-க்கு வித்தாரு. 1991-ல சோத்பி ஏலத்துல ஐஸ் ஹாக்கி ராசா வெய்ன் கிரெட்ஸ்கியும், புரூஸ் மெக்னாலுங்கற கூட்டாளியும் சேந்து 4,51,000 டாலருக்கு எடுத்தாங்க. அந்தக் கூட்டாளி பின்னால பேங்குக்காரங்களை ஏமாத்துனதுக்கு உள்ள போனாரு, அது தனிக் கதை.

அப்பத்தான் புதுசாக் கடை தொறந்திருந்த பிஎஸ்ஏ, இந்த அட்டைக்கு 8 போட்டுது. டப்பா மேல நம்பரு என்ன தெரியுமா? ஏழு சைபரு, அப்பறம் ஒண்ணு. கடையோட மொதப் போணி! எம்பது வருசத்துச் சிகரெட்டு அட்டை, மூலை ஊசியாட்ட நிக்குது, ஓரம் கத்தியாட்ட இருக்குது. எம்பது வயசுல எனக்கு முப்பத்திரெண்டு பல்லும் வெள்ளை வெளேர்னு இருந்தா நீ என்ன நெனப்ப? கெழவன் பல்லுக் கட்டிட்டான்னு நெனைப்பியா, 8 மார்க்குப் போடுவியா?

அந்த 8 என்ன ஆட்டம் ஆடுச்சுங்கற! வால்மார்ட்டு அதைப் பரிசு அட்டையா வெச்சு, 1996-ல தபாலாபீஸ்ல வேலை பாத்த ஒரு அம்மாளுக்கு விழுந்துச்சு. தானமா வந்த மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க நம்மூர்ல. இந்த ஊர்ல தானமா வந்த மாட்டுக்கு வரி கட்டோணும். அந்த அம்மாளுக்கு அது கட்டுபடியாகலே. அதே வருசம் கிறிஸ்டி ஏலத்துக்குக் குடுத்துட்டாங்க, 6,40,000 டாலருக்கு மேல போச்சு. 2000-ல 12,65,000. 2007-ல ஒரு தரம் 23,50,000-க்கும், அதே வருசம் மறுபடியும் 28 லட்சம் டாலருக்கும் கை மாறுச்சு. கடைசியா வாங்குனவரு அரிசோனா பேஸ்பால் அணியோட மொதலாளி கென் கென்ட்ரிக். எட்டு எட்டுன்னு எட்டைத்தான் வித்தாங்க.

பொறகு 2013-ல மாஸ்ட்ரோ கோர்ட்டுல நின்னு ஒத்துக்கிட்டாரு, அட்டையோட ஓரத்தை நான்தான் வெட்டுனேன்னு. ஏலத்துல பொய்யா ஆளு வெச்சு வெலைய ஏத்துன கேஸு அது, அதுல இதுவும் வெளிய வந்துச்சு. 2015-ல இருவது மாசம் ஜெயிலு.

இனிச் சூட்சுமத்துக்கு வரேன். அந்த அட்டைய மெசினுகிட்டக் குடுத்திருந்தா என்ன பண்ணியிருக்கும்? மூலை பாத்திருக்கும், ஆகா. ஓரம் பாத்திருக்கும், ஆகா ஆகா. வெட்டுனவனே மெசினுக்குப் புடிக்கற மாதிரித்தான் வெட்டியிருக்கறான். கொம்பு எத்தனை நீளம், எத்தனை வளைவுன்னு அளக்கறவன்கிட்டச் சீவுன கொம்புதான் ஜெயிக்கும். வெட்டுன ஓரத்தைக் கண்டுபுடிக்கவும் மெசினுக்குச் சொல்லிக் குடுக்கலாம்ங்கற. நல்லது. ஆனா அந்தக் காலத்து அட்டையெல்லாம் அச்சாபீஸ்ல ஒண்ணு குட்டை ஒண்ணு நெட்டைன்னுதான் வெட்டுனாங்க. அளவு கொறஞ்சதெல்லாம் திருட்டுமில்லே, அளவு சரியா இருக்கறதெல்லாம் யோக்கியமுமில்லே.

மெசினு தோத்துப் போச்சு, மனுசன் ஜெயிச்சான்னு நான் சொல்லப் போறேன்னு நெனச்சியா? அங்கதான் நீ ஏமாந்த. அன்னைக்கு அந்த அட்டையப் பாத்த மனுசங்கள்ல ஒருத்தரு, அது வெட்டுனதுன்னு அப்பவே தெரியும்னு பின்னால வாயத் தொறந்தாரு. கண்ணு பாத்துட்டுது கண்ணு! நாக்குத்தான் எந்திரிக்கலே. அத்தனை பெரிய அட்டைய, அத்தனை பெரிய ஆளுங்க கொண்டாந்து, கடை தொறந்த கையோட மேசையில வெச்சா, சொத்தைன்னு சொல்ல யாருக்கு நெஞ்சு வரும்? எனக்கு வராது. எங்க மிராசுதாரு மாட்டைப் பத்தி நான் ஒரு தடவைகூட உண்மை பேசுனதில்லே.

மெசினுக்கு நாக்கு பயப்படாதுங்கற. மெசினோட மொதலாளிக்கு நாக்கு இருக்குதே?

ஆனா ஒரு எடத்துல மெசினுகிட்ட நான் துண்டை இடுப்புல கட்டிக்குவேன். கொரோனாக் காலத்துல ஊரே வூட்டுக்குள்ள உக்காந்துட்டுப் பழைய பொட்டியெல்லாம் நோண்டி, அட்டை அட்டையா அனுப்புச்சே. 2021 மார்ச்சுக் கடைசியில பிஎஸ்ஏக்காரங்க, தாங்கலே சாமி, கொஞ்ச நாளைக்கு அனுப்பாதீங்கன்னு பெரும்பாலான கவுண்டரை மூடிட்டாங்க. அடுத்த மாசமே அவங்க மொதலாளிக் கம்பெனி ஜெனமின்ட்டுங்கற மெசினுக் கம்பெனிய வாங்கிப் போட்டுது. அந்த மெசினு ஒரு அட்டைய ஒரு தடவை பாத்துட்டா, மறுபடி வந்தா இது அன்னைக்கு வந்ததுதான்னு அடையாளம் கண்டுக்கும். நடுவுல எவனாச்சும் கை வெச்சிருந்தா அதையும் ஒத்துப் பாத்துச் சொல்லிரும். மாட்டுக்கு மூக்கு ரேகைன்னு ஒண்ணு இருக்குது, தெரியுமா உனக்கு? மனுசனுக்குப் பெருவெரல் மாதிரி, ஒரு மாட்டுக்கு இருக்கறது இன்னொண்ணுக்கு இருக்காது. கொம்பைச் சீவலாம், மயிருக்குச் சாயம் பூசலாம், மூக்கை என்ன பண்ணுவ? மார்க்குப் போடறதை வுட இந்த ஞாபகந்தான் எனக்குப் பெருசாப் படுது. மனுசத் தரகனுக்கு ஆயிரம் மாடு ஞாபகம் இருக்கும், லட்சம் மாடு இருக்குமா? ஆனா பாரு, டப்பாவ ஒடைச்சுத் திருப்பி அனுப்பற உன்ற மாதிரி ஆளுக்கு அந்த ஞாபகந்தான் எமன். மெசினு வேணும் மெசினு வேணும்ங்கற. அது வந்து, அட இது அந்த ஒம்போதுப் பல்லியில்லன்னு கேட்டா என்ன சொல்லுவ?

டப்பாவைக் கும்புடறவங்களுக்கு இன்னொரு கூத்தும் இருக்குது. லோகன் பாலுங்கற யூட்யூப்காரரு, பிரிக்காத போக்கிமான் அட்டைப் பொட்டின்னு 35 லட்சம் டாலர் குடுத்து வாங்குனாரு. அசல்தான்னு பாத்துச் சொன்ன பொட்டி. 2022 ஜனவரியில பிரிச்சா உள்ள ஜி.ஐ. ஜோ அட்டை. அதைப் பாத்துட்டு நான் சிரிச்ச சிரிப்புல உங்கம்மா மேல இருந்து எறங்கி வந்து, மாமாவுக்கு நெஞ்சு வலியான்னு கேட்டா. சாக்கைத் தொறக்காம மேல தட்டிப் பாத்து நெல்லுன்னு சொன்னவங்க மனுசங்க. மெசினா இருந்தாலும் சாக்கோட எடையச் சரியாச் சொல்லியிருக்கும்.

ஒம்போதுக்கு அழுகறியே, 1952-ல டாப்ஸ் கம்பெனி போட்ட மிக்கி மேன்ட்டில் அட்டை 2022 ஆகஸ்டுல 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போச்சு. மார்க்கு 9.5. பத்தில்லே! 1991-ல 50,000 டாலருக்கு வாங்கி வெச்சிருந்த அட்டை அது. அந்த வருசத்து அட்டை ஏன் அத்தனை அருமைன்னா, விக்காம மிஞ்சுனதையெல்லாம் 1960-ல படகுல ஏத்தி இந்த நியூஜெர்சிக்கு அக்கட்டால அட்லாண்டிக் கடல்ல கொட்டிட்டு வந்தோம்னு டாப்ஸ்ல இருந்த சை பெர்கரே கதை சொல்லியிருக்கறாரு. ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பா உங்க அப்பத்தா. அவங்க கடல்ல அளக்காமப் போட்டாங்க. மீனுக்கு எத்தனை மார்க்குப் போச்சோ.

சரி, அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்ட. அதுக்கு முன்னால ஒரு வேலை செய்யி. பல்லிய வெளக்குல சாச்சு வெச்சு, நீயே நல்லாப் பாரு. ஸ்கேலை வெச்சு ஓரத்தை அள. ஒரு துண்டுச் சீட்டுல உன்ற மார்க்கை எழுதி மடிச்சு என்றகிட்டக் குடு. நான் பிரிக்க மாட்டேன், சத்தியம். மெசினு சீட்டு வந்தப்பறம் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்பம். மூணு வருசமா அட்டை சேத்தற, இன்னும் உனக்கே ஒரு கண்ணு வரலேன்னா, மனுசனுக்கு ஒரு கூலி மெசினுக்கு ஒரு கூலின்னு உங்கப்பன் காசுதான் போகும். அட்டையப் புடிச்சிருந்தா டப்பாவுல நம்பரு என்னவா இருந்தா உனக்கென்ன? விக்கறதுக்குத்தான்னா, இத்தனை நேரம் பல்லி மேல பாசம்ங்கற மாதிரி நடிச்சதெதுக்கு? ரெண்டுல ஒண்ணச் சொல்லு. சொல்லலேன்னாலும் எனக்குத் தெரியும், நான் கயித்தைப் புடிச்சிருக்கறவனைப் பாக்கற ஆளு.

அப்பறம் கண்ணு, கோவிச்சுக்காம இன்னொரு விசயம் கேளு. பார்சலுக்குன்னு நேத்து ஒரு கட்டு எடுத்து வெச்சியே, அதுல மேல இருந்து நாலாவது, அந்த மஞ்சக் கலரு எலி. போன செவ்வாக்கெழமை நீ ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப என்ற டப்பியில சுண்ணாம்பு கல்லாட்ட எறுகிப் போச்சு. வழிக்கறதுக்குக் கைக்குக் கெடைச்சது அதுதான். கெட்டியான அட்டை, நல்லா வழிச்சுது. பொறகு பாத்தா மூலையில வெள்ளையா ஒரு தீத்தல். வேட்டி நுனிய நனைச்சு மெதுவாத் தொடைச்சேன். பளபளப்புக் கொஞ்சம் போன மாதிரி இருந்துச்சு. ரெண்டே ரெண்டு சொட்டுத் தேங்காண்ணெய். கொம்புக்குத் தேய்க்கற மாதிரிதான், ஒரே வாக்குல. இப்ப நீயே எடுத்துப் பாரு, எந்த மூலைன்னு சொல்லு பாக்கலாம்.

தெரியலேல்ல?

அப்ப அதையும் சேத்தி அனுப்பு. மெசினு கண்டுபுடிச்சுதுன்னா நான் அதுக்குக் கை எடுத்துக் கும்புடறேன். கண்டுபுடிக்காமப் பத்துன்னு போட்டுருச்சுன்னா, என்ற தரகு ரெண்டு கட்டு வெத்தலை, நூறு கிராம் கொட்டைப்பாக்கு. ஓக் ட்ரீ ரோட்டுக் கடையில கெடைக்குது. உங்கம்மாளுக்குத் தெரியாம வாங்கியா.